24 குளம்புகள்

அம்மாவின் உள்ளங்காலை நான் முதன்முதலாக உற்றுப் பார்த்தது 2014-இல், ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவருக்கு அப்போது 67 வயது, எனக்கு 41. அதற்கு முன் எத்தனையோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். தொட்டதெல்லாம் மேல்பக்கம்தான். அடிப்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அம்மாவும் பார்த்ததில்லை. அதுதான் இன்னும் எனக்கு ஆறாத விஷயம். ஏனென்றால் இருபத்தைந்து வருடம் தினமும் விடிகாலையில் அவர் செய்த வேலையே பாதத்தின் அடியைத் திருப்பிப் பார்ப்பதுதான். குதிரைகளின் பாதம். ஆறு குதிரை, குதிரைக்கு நாலு குளம்பு, ஆக 24.

எங்கள் வீடு பினாங்கில் பத்து கந்துங் பக்கம், பந்தயத் திடலை ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. பினாங்கு டர்ஃப் கிளப் 1864-இல் தொடங்கியது. மலேசியாவின் பந்தயக் கிளப்புகளில் அதுதான் மூத்தது. அப்பா அங்கே சைஸ். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்தி, பந்தயத்தன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் என்னைக் 'குதிரைக்காரன் மவ' என்று கூப்பிடுவார்கள். அப்பாவின் அண்ணன் கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங் திடலில் இதே வேலை பார்த்தார். இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிற இடம் அது. "என் குதிரை லத்தி போட்ட எடத்துல இப்ப ஒரு கோப்பி பதினெட்டு வெள்ளியாம்" என்று பெரியப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1966-இல் கல்யாணமாகி பினாங்குத் தீவுக்கு வந்தபோது மாடு தெரியும், ஆடு தெரியும், குதிரை தெரியாது. முதலில் புல் அறுக்கப் போனார். கட்டுக்கு இவ்வளவு என்று காசு. 1984-இல் அப்பா நெஞ்சு வலியில் ஒரே நாளில் போனார். மூன்று பிள்ளைகள், கூடவே அப்பாவின் அம்மா. குதிரை ஏற்றம் கற்றுத்தரும் ஒரு லாயத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. பெருக்க வந்தவர் ஒரே வருடத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவராக ஆகிவிட்டார். யாரும் நியமிக்கவில்லை. குதிரைகளே ஏற்றுக்கொண்டன என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த லாயத்துக்கு வந்தவை பெரும்பாலும் ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைகள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவை. பந்தயத்தில் ஏழெட்டு வயதுக்குமேல் பெரும்பாலானவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும். நடுவில் மிச்சமிருக்கும் அந்தப் பதினைந்து இருபது வருடம் அம்மாவின் பொறுப்பு. பந்தயப் புத்தகத்தில் அவற்றுக்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. அம்மா கறுப்பாயி, சின்னத்துரை, மொட்டச்சி என்று மாற்றிவிட்டார். மொட்டச்சிக்குப் பிடரி மயிர் கொஞ்சம் கம்மி.

காலை நாலு மணிக்கு எழுந்து எங்களுக்குச் சோறும் சம்பலும் வைத்துவிட்டு ஐந்து மணிக்கு லாயத்தில் இருப்பார். போனதும் தீனி வைக்க மாட்டார். முதலில் தண்ணீர் வாளி. ராத்திரி எவ்வளவு குறைந்திருக்கிறது? குதிரை ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும், நம் ஊர் வெயிலுக்கு அதைவிட அதிகம். அடுத்து லத்தி. எத்தனை இடத்தில் போட்டிருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா, இளகலா, காய்ந்ததா? நல்ல குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை போடும். அப்புறம்தான் குளம்பு. முன்னங்காலின் பின்பக்கம் இரண்டு விரலால் மெல்லத் தட்டி "தூக்கு" என்பார். கால் மேலே வரும். கையில் ஒரு இரும்புக் கொக்கி. குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கித்தான் மண்ணைக் கிளறுவார். மாற்றிச் செய்தால் நடுவில் இருக்கும் மெத்தையான முக்கோணத்தில் கொக்கி குத்திவிடும். கிளறி முடித்து மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். ஈரத்தில் நிற்கும் குதிரைக்கு அந்த இடம் அழுகும். கறுப்பாகக் கசியும், நாற்றமடிக்கும். கடைசியாகப் புறங்கையைக் குளம்பின்மேல் வைத்துச் சூடு பார்ப்பார். உள்ளங்கை வேலை செய்து தடித்துப்போய்விட்டது, சூடு தெரியாது, புறங்கைதான் பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு. இந்தக் குளம்பு அந்தக் குளம்பைவிடச் சுட்டால் உள்ளே ஏதோ நடக்கிறது.

லாடம் அடிப்பவர் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஆணியைக் குளம்பில் இறக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். "அது நம்ம நகம் மாதிரிதாம்மா. வலிக்காது" என்பார் அம்மா. வலிக்காது என்கிற அந்தச் சொல்லைப் பின்னால் நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு ராத்திரி. வீட்டில் வேறு துணை இல்லை என்று அம்மா என்னையும் லாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கறுப்பாயி முன்னங்காலால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்து உருளப் பார்த்தது. வயிற்றுவலி. நமக்கு வயிற்றுவலி வந்தால் வாந்தியாவது எடுப்போம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதன் உடம்பு அமைப்பு அப்படி. அதனால் குதிரைக்கு வரும் வயிற்றுவலி உயிரையே கொண்டுபோகக்கூடியது. அம்மா விலாவில் காதை வைத்துக் கேட்டார். "குடுகுடுன்னு சத்தம் வரணும் புள்ள. ஒண்ணும் வரல" என்றார். தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி எண்ணினார். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்குச் சுமார் 30-லிருந்து 40 வரை துடிக்கும். அன்று 60-ஐத் தாண்டியிருந்தது. காவல்காரர் வீட்டுத் தொலைபேசியில் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டு, தீனியை எடுத்து வெளியே வைத்தார். அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடத்த ஆரம்பித்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நடத்தினால் வயிற்றுவலி தீர்ந்துவிடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். தீராது. உருண்டு அடிபடாமல் பார்த்துக்கொள்ளவும், டாக்டர் வரும்வரை அதன் கவனத்தைத் திருப்பவும் கொஞ்ச நேரம் நடத்தலாம், அவ்வளவுதான். களைத்துப்போகிற அளவுக்கு நடத்தினால் கெடுதல். வாய்க்குள் எண்ணெய், கஷாயம் என்று ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் வேலை டாக்டரைக் கூப்பிடுவது. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் அந்த வரிசையை மாற்றியதில்லை.

டாக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஏதோ செய்தார். விடியும் நேரம் கறுப்பாயி வாலைத் தூக்கி லத்தி போட்டது. அம்மா அந்த லத்தியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதும் பார்த்ததில்லை. பரிசளிப்புக்கு அவர் வரவே இல்லை. சின்னத்துரைக்குக் கால் வீங்கியிருந்தது. "நான் குதிரைக்குப் பொறந்திருக்கலாம்" என்று அன்றைக்குக் கத்தினேன். அம்மா சோறு பிசைந்துகொண்டே, "பொறந்திருந்தா இந்நேரம் ஒனக்கு நடக்கத் தெரிஞ்சிருக்கும், இப்பதான் நீ கத்தக் கத்துக்கிட்டிருக்கே" என்றார். எனக்குக் கோபம் தீர ரொம்ப வருடம் ஆனது. தியாகத் தாய் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எங்களுக்கு அவர் நேரம் குறைவாகத்தான் கிடைத்தது.

ஆனால் கிடைத்த நேரத்தில் அதே கண்ணோடுதான் எங்களையும் பார்த்தார். தட்டில் எவ்வளவு சோறு மிச்சம், வாசலில் சிலிப்பர் எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார். அண்ணன் வேலையை விட்டதை அவன் சொல்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார், சப்பாத்தில் புழுதி இல்லை என்பதை வைத்து. பாட்டிக்குக் கடைசியில் நினைவு தப்பிப்போனது. யார் தொட்டாலும் அலறுவார், அடிப்பார். அம்மாவிடம் மட்டும் அடங்கினார். என்ன மந்திரம் என்று கேட்டேன். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது, அதனால் தோள் பக்கமாகத் தெரிகிற மாதிரி, பேசிக்கொண்டே போகவேண்டும், தொட்ட கையைச் சட்டென்று எடுக்கக்கூடாது. "பாட்டிக்கும் அப்படித்தான்" என்றார். நினைவு தப்பிய பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதைச் செய்து பாருங்கள். பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடாமல், அவர்கள் கண்ணில் படும்படி பக்கவாட்டில் வந்து, பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட்டாலே பாதிச் சண்டை குறைகிறது.

பந்தயத்தில் அம்மா ஒரு காசு கட்டியதில்லை. எங்கள் வரிசையிலேயே சம்பளத்தை அப்படியே குதிரைமேல் கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்த ஆண்கள் இருந்தார்கள். "குதிரை மேல காசு கட்டினா, அப்புறம் குதிரை கண்ணுக்குத் தெரியாது, காசுதான் தெரியும்" என்பார்.

1999-இல் அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். சீனியைக் குறைத்தார், ரோத்தி சானாயைக் குறைக்கவில்லை. சில வருடம் கழித்துக் காலில் எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று அடிக்கடி சொன்னார். நாங்கள் தைலம் வாங்கிக் கொடுத்தோம். பிறகு ஒருநாள், "எறும்பு நின்னுபோச்சு, சரியாயிடுச்சு" என்றார். எங்களுக்கும் சந்தோஷம். அது சரியாகவில்லை, நரம்பு செத்துப்போயிருந்தது. எறும்பு மட்டுமல்ல, ஆணி குத்தினாலும் இனி தெரியாது என்று அர்த்தம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2009-இல் வேலையை விட்டார். தண்ணீர்மலை முருகனுக்கு மேலே புதுக் கோயில் கட்டி 2012-இல் கும்பாபிஷேகம் ஆனதும், 513 படி ஏறிப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். 2014 ஜனவரி 17, தைப்பூசம். கூட்டத்தில் நேரமாகி, நல்ல உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார். எனக்கே கால் பொத்துப்போய் வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன். அம்மா ஆடாமல் அசையாமல் நடந்தார். "பார்த்தியா, முருகன் தாங்குறான்" என்று அத்தை சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்று நினைத்தாலும் சிலிர்க்கிறது, வேறு காரணத்துக்கு.

ஐந்து நாள் கழித்து அம்மாவின் அறைக்குள் போனபோது ஒரு வாடை. எனக்குத் தெரிந்த வாடை. முப்பது வருடத்துக்கு முன் லாயத்தில், ஈரத்தில் நின்ற குதிரையின் குளம்பைக் கிளறும்போது வந்த அதே வாடை. விரல்களுக்கு அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அம்மாவுக்குத் துளி வலி இல்லை. ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சப்பாத்துக் கடி மாதிரிதான் என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மா பல வருடமாகச் சப்பாத்தே போட்டதில்லை என்பதை நானாவது சொல்லியிருக்கலாம். நாலு நாள் அப்படியே போனது. பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி. சுண்டு விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள்.

கட்டுப் பிரிக்கும்போதுதான் அந்த உள்ளங்காலை உற்றுப் பார்த்தேன். மிஸ்ஸி (எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னிடம், "வீட்டில் தினமும் யார் கால் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா எனக்கு முந்திக்கொண்டு, "நான்தான் எல்லாருக்கும் பார்ப்பேன்" என்றார். மிஸ்ஸிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலையைக் கற்றுக்கொடுத்தது அம்மாதான். தினமும் ஒரே நேரம், நல்ல வெளிச்சம், நான் தரையில், அவர் நாற்காலியில். முதலில் விரல் இடுக்குகள். அங்கேதான் ஈரம் தங்கும். துடைக்கும்போது இடுக்கையும் துடைத்து உலர்த்தவேண்டும். வறண்ட தோலுக்குக் களிம்பு தடவலாம், இடுக்கில் தடவக்கூடாது. அடுத்து உள்ளங்கால், குதிகால் வெடிப்பு. தனியாக இருப்பவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் புறங்கை. இரண்டு காலிலும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு கால் மற்றதைவிட நன்றாகச் சுட்டால், சிவந்து வீங்கியிருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். இதை நான் அம்மாவிடம் கற்றேன். பிறகு ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னார்கள்: இரண்டு காலுக்கும் நடுவே 2 டிகிரிக்குச் சற்று மேல் வித்தியாசம் வந்தாலே உள்ளே புண் உருவாகலாம் என்று எச்சரிக்கையாம். அம்மாவிடம் சொன்னேன். "டிகிரியெல்லாம் எதுக்கு, கைதான் இருக்கே" என்றார்.

காலை வெந்நீரில் ஊறவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உணர்ச்சி இல்லாத காலை அப்படி வைத்தால் வெந்துபோனது தெரியாது. கழுவும் நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கவேண்டும். சப்பாத்து போடுமுன் கவிழ்த்துத் தட்டவேண்டும். ஒருநாள் பேத்தியின் தலைக் கிளிப் ஒன்று உள்ளேயிருந்து விழுந்தது. புதுச் சப்பாத்து வாங்குவதானால் சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில். தடித்த தோலைப் பிளேடால் சீவக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டுச் சோதிப்பார்கள். அவர்களாகச் செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கோயிலுக்கு? அம்மா அதற்குப் பிறகு இரண்டு தைப்பூசம் போனார். விடியுமுன் போய், காலுறை போட்டுக்கொண்டு நடந்தார். சிலர் முணுமுணுத்தார்கள். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

2023-இல் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஆறில் ஒருவர். இந்தியர்களிடையே இன்னும் அதிகம். ஒரு தைப்பூசக் கூட்டத்தில் எத்தனை மரத்துப்போன கால்கள் வெயிலில் நடக்கின்றன என்று நான் இப்போது எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

குதிரை வலியை மறைக்கும். நொண்டுகிற குதிரையைத்தான் புலி முதலில் பிடிக்கும் என்று அதற்குப் பிறவியிலேயே தெரியும் என்பார் அம்மா. அவரும் மறைத்தாரா, இல்லை நிஜமாகவே தெரியவில்லையா? மரத்துப்போன காலைச் சொல்லவில்லை. அப்பா போன பிறகு அவர் எங்களிடம் ஒரு தடவைகூட முடியவில்லை என்று சொன்னதில்லை. அதைக் கேட்க எனக்கு ஐந்து வருடம் கிடைத்தது, கேட்கவில்லை. கால் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் கறுப்பாயியைப் பற்றியும் அண்ணன் பெண்டாட்டியைப் பற்றியும்தான்.

2019-இல் தூக்கத்தில் போனார். மிச்சமிருந்த எட்டு விரலும் பத்திரமாக இருந்தன. பத்து லஞ்சாங் மயானத்தில் எரித்தோம். 2025 மே மாத இறுதியோடு பினாங்கில் பந்தயமும் நின்றது. சிங்கப்பூரில் அதற்கு முந்திய அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். பந்தயம் நின்றதில் எனக்கு வருத்தமில்லை, எங்கள் வரிசையில் அழுத பெண்களைப் பார்த்தவள் நான். குதிரைகள் எங்கே போயினவோ என்பதுதான். அந்தப் பக்கமாகக் காரில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிடுவேன். வாடை ஒன்றும் வருவதில்லை.

அண்ணனுக்கு இப்போது 57. இனிப்பு நீர் வந்து ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமை பசியாற என் வீட்டுக்கு வருவான். இட்லிக்கு முன்னால் கால். கூச்சப்படுவான், நல்லாத்தான் இருக்கு என்பான், டாக்டர் பார்த்தாச்சு என்பான். நான் தரையில் உட்கார்ந்து அவன் கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு விரலால் தட்டி, "தூக்கு" என்பேன். திட்டிக்கொண்டேதான் தூக்குவான்.